பார்த்து எழுதியது

சூரியனுக்கு முன்னால் எழு என்கிறார்கள்.
சி ஷிப்ட் வாரங்களில்
சூரியன் எழும்போதுதான் நான் வீடு திரும்புகிறேன்.
ஏ ஷிப்ட் என்றால் நாலரைக்கு,
பி ஷிப்ட் என்றால் விடிந்து வெகுநேரம் கழித்து.
என் பூசைக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுப்பது
சிப்காட்டில் ஒரு டைம் ஆபீஸ்.

கரையேறவிட்டகுப்பத்துக்கு
இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு.
கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர்
ஐந்தெழுத்தைப் பிடித்துக் கரையேறிய இடம் என்பார்கள்.
எனக்கு அவ்வளவு பெரிய கல்லும் இல்லை,
குரலும் இல்லை.
ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு பலகை,
பலகையில் பெரியநாயகியோடு பாடலீசுவரர்.
கண்ணாடிக்குள், அவர் முழங்கால் உயரத்தில்
வெள்ளம் வந்த வருடத்துப் பழுப்புக் கோடு.
பலகை அப்போது கீழே இருந்தது.

குளித்தாலும் போகாது எங்கள் பிளாண்ட் வாடை.
சூடம் ஏற்றினால் இரண்டும் கலந்து
சாமிக்கு மட்டும் பழகிய ஒரு மணம்.
நெற்றியில் நீறு, விரல்கணுவில் எண்ணிக்கை,
நூற்றெட்டு. ஆறு நிமிடம்.

வேலையும் கிட்டத்தட்ட அதேதான்.
மணிக்கொரு முறை மீட்டரைப் பார்த்து எழுதுவது:
அழுத்தம், வெப்பம், மட்டம்.
பதினாறு வருடமாய் ஏடு ஏடாக எழுதியிருக்கிறேன்
ஒன்றும் நடக்கவில்லை என்று.

பார்க்காமலும் எழுதலாம்.
மூன்று மணித் தூக்கத்தில் எல்லோரும் எழுதியிருக்கிறோம்.
போன மணிக்கு நாலு புள்ளி இரண்டு என்றால்
இந்த மணிக்கு நாலு புள்ளி மூன்று,
சந்தேகம் வராதபடி கொஞ்சம் மாற்றி.
பூசையிலும் எனக்கு அந்தக் கை உண்டு.
வாய் சிவாய நம என்று உருள,
மனசு சீட்டுப் பணத்தில், வண்டி டியூவில்.
எழுபத்தெட்டா எண்பத்தேழா தெரியாமல்
நூற்றெட்டு என்று முடித்து எழுந்த நாட்களைச் சேர்த்தால்
தனியாக ஒரு ஏடு தேறும்.

"சாமி என்ன சொன்னாரு?" என்பான் கலியமூர்த்தி,
டிபன் டப்பாவைத் திறந்தபடி.
"நார்மல்" என்பேன்.

போன ஐப்பசியில் ரியாக்டர் மூடி பெயர்ந்து
கலியமூர்த்தி போனான்.
கடைசி மணிக்கும் அவன் கையெழுத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.
பார்த்துத்தான் எழுதினானா என்று
விசாரணைக்கு வந்தவர்கள் கேட்கவில்லை.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது நாள் பலகைப் பக்கம் போகவில்லை.
தண்டனை எதுவும் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.
பஸ் வந்தது. சம்பளம் வந்தது.
உப்பனாற்றில் நீர் ஏறி இறங்கியது.
காதுதான் மந்தமாகிவிட்டது.
இரண்டாம் பம்ப்பின் பேரிங் முனகுவதை
புதுப்பையன் சொல்லித்தான் கேட்டேன்.
செண்பகவல்லி நாலு நாளாய் இருமியது
அவளே போய் மாத்திரை வாங்கி வந்த பிறகு தெரிந்தது.
சாமியால் என்று சொல்ல மாட்டேன்.
ஆறு நிமிடம் உட்காராதவன்
நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இருபதாம் நாள் விளக்கை எடுத்தேன்.
பிசுக்கு இல்லை, தூசி இல்லை,
திரி மட்டும் காய்ந்திருந்தது.
"தெனம் தொடச்சு வச்சேன். ஏத்தல"
என்றாள், அடுப்படியிலிருந்து, திரும்பாமல்.
"அது ஒங்க வேல."

எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.
எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பத்தொன்றில் மனசு ஓடியது.
ஓடிய இடத்தைப் பார்த்தேன்:
கலியமூர்த்தியின் டப்பா, புளிச்சோறு, ஓரத்தில் வத்தல்.
பார்த்துவிட்டு நாற்பத்தொன்றுக்கே திரும்பினேன்.
மறுபடி ஓடியது.
மறுபடி நாற்பத்தொன்று.
வண்டிப்பாளையம் முனையில்
கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

ஈர நெற்றியோடு ஓடி ஏறினேன்.
இன்றைக்கு எத்தனை என்று கேட்டால்
ஐம்பத்து மூன்று.
பார்த்து எழுதியது.